கப்பக்காரர் கல்லில் விழுந்த எழுத்துகள்: ஒரு கல்லறைத் தோட்டத் தேடலின் நிகழ்வு ஆய்வு

பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட பெரியவர் மூடியைத் திறந்தார். உள்ளே மாத்திரை மடிப்பது மாதிரி மடித்த காகிதப் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தது: ‘கப்பக்காரர் 2’, ‘ஒடிஞ்ச தூணு 1’, ‘கைகுடுக்கிறவங்க 3’. முதல் பொட்டலத்தைப் பிரித்து என் உள்ளங்கையில் கொட்டினார். ஈயத்தால் ஆன இரண்டு ஆங்கில எழுத்துகள். ஒரு ‘என்’, ஒரு ‘ஈ’. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. திருப்பிப் பார்த்தால் முதுகில் குட்டிக் குட்டி முளைகள்.

வெள்ளைப் பளிங்குக் கல்லறைகளில் அந்தக் காலத்தில் எழுத்து பதித்த முறை அது. எழுத்தின் வடிவத்தைக் கல்லில் குடைந்து, அதன் அடியில் சின்னத் துளைகள் போட்டு, ஈயத்தை அடித்து இறக்குவார்கள். துளைக்குள் இறங்கிய ஈயம்தான் எழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். நீலகிரி மழையில் நூறு வருடத்துக்கு மேல் நின்றால் ஈயத்தைச் சுற்றிய பளிங்கு கரைந்து பிடி விட்டுப்போகும். ஒருநாள் எழுத்து கீழே விழும், புல் அதை மூடிவிடும். இவர் களை எடுக்கும்போது கையில் தட்டுப்பட்ட ஒவ்வொரு எழுத்தையும் 34 வருடமாகச் சேர்த்து வைத்திருக்கிறார்.

“இங்கிலீசு எனக்குத் தெரியாது டீச்சரம்மா. எந்தக் கல்லுல இருந்து விழுந்துச்சுன்னு மட்டும் தெரியும். எங்க ஓட்டை புதுசா தெரியுதோ, அங்க உள்ளதுதான் இது.”

ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் துணையோடு தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஜியோகேச்சிங். அதைப் போல இந்தத் தோட்டத்தில் ஒரு தேடல் வைக்கலாம் என்ற யோசனை அன்றைக்குச் சாயங்காலம்தான் வந்தது. அதன்பின் ஒரு வருடத்துக்கு மேலாக நாங்கள் செய்ததையும், செய்து கெடுத்ததையும், திருத்தியதையும் இங்கே முழுவதுமாக எழுதி வைக்கிறேன். வேறு ஊரில் யாராவது இப்படி ஒன்றைச் செய்ய நினைத்தால் எங்கள் தவறுகளில் இருந்து தொடங்க வேண்டியதில்லை.

இடம், மனிதர்

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே உள்ள ஒரு சபையின் கல்லறைத் தோட்டம் அது. பெயரை எழுதவில்லை. அவரும் சபையும் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். அவர் பெயரும் வேண்டாம் என்றார். சபைப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் தாத்தாதான், எனக்கும் அப்படியே பழகிவிட்டது.

தாத்தா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு மலை ஏறியவர்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான் 1968இல் அரசு இங்கே தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியது. இன்றைக்கு டேன்டீ என்று எல்லோருக்கும் தெரிந்தது அதுதான். அங்கே கொஞ்ச காலம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வேலை பார்த்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். சபையில் சேர்ந்தவர் இல்லை, வீட்டில் முருகன் படம்தான் இருக்கிறது. ஆனால் கல்லறைத் திருநாளான நவம்பர் 2ஆம் தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே மழையில் நனைந்துகொண்டு பாதை செதுக்க அவர்தான் இறங்குவார்.

குழி வெட்டுவது, சுவர் இடிந்தால் அடுக்குவது, சீகைக் கன்றும் உண்ணிச்செடியும் கல்லை மூடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் வேலை. கற்களைக் கழுவுவதற்குத் தண்ணீரும் தேங்காய் நாரும் மட்டும். எழுத்துக்குள் பாசி இருந்தால் மூங்கில் குச்சியைச் சீவி மெதுவாக நோண்டுவார். இது அவர் யாரிடமும் படித்ததில்லை. ஆனால் கல்லறைப் பராமரிப்பு தெரிந்தவர்கள் சொல்லும் முறையும் இதுவேதான்: தண்ணீர், மென்மையான நார், மரக்குச்சி. இரும்புப் பிரஷ் கூடாது, ஆசிட் கூடவே கூடாது. ஒரு வருடம் திருநாளுக்கு முன் சுத்தம் செய்ய வந்தவர்கள் கழிவறை ஆசிட்டைக் கொண்டுவந்து ஒரு பளிங்குக் கல்லில் ஊற்றிவிட்டார்கள். பளிங்கு என்பது சுண்ணாம்புக் கல்தான், ஆசிட் பட்டால் கரையும். “கல்லு சோடா மாதிரி நுரைச்சுச்சு” என்று தாத்தா சொல்லும்போது இப்போதும் அவர் முகம் சுருங்குகிறது. இன்று அந்தக் கல்லைத் தடவினால் கை சொரசொரக்கிறது.

கேட் விஷயத்தையும் சொல்ல வேண்டும், பின்னால் அது வருகிறது. ஒரு ராத்திரி யாரோ கேட்டைத் திறந்து போட்டுப் போக, காட்டுமாடுகள் உள்ளே வந்து ஒரு சிலுவையில் முதுகு தேய்த்ததில் அதன் ஒரு கை ஒடிந்து விழுந்தது. அதற்குப் பிறகு தோட்டத்துக்குள் யார் வந்தாலும் தாத்தாவின் முதல் பேச்சு கேட்டைப் பற்றியதுதான்.

அவருடைய பெயர்கள்

நான் பள்ளியில் புவியியல் சொல்லித்தருகிறேன். பிள்ளைகளை ஊட்டிக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் புனித ஸ்டீபன் ஆலயத்துக்குப் போவோம். 1829இல் அடிக்கல் நாட்டிய கோயில் அது. அதன் கல்லறைத் தோட்டத்தில், ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கமாகியிருக்கிறார்கள். ஏரிப் பக்கம் புனித தாமஸ் ஆலயத்தில் 1881இல் ஊட்டியில் இறந்துபோன சென்னை மாகாண ஆளுநர் ஆடமின் கல்லறை இருக்கிறது. சேரிங் கிராஸில் உள்ள ஆடம் நீரூற்று அவர் நினைவாகக் கட்டியதுதான். போன வருடத்துக்கு முந்தின வருடம் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “மிஸ், இதையெல்லாம் தினமும் யாரு கூட்டுறாங்க?” எனக்குப் பதில் தெரியவில்லை. ஊருக்கு வந்ததும் எங்கள் தோட்டத்துத் தாத்தாவிடம் போய் உட்கார்ந்தேன். ஹார்லிக்ஸ் பாட்டில் வெளியே வந்தது அப்படித்தான்.

பொட்டலங்களில் இருந்த பெயர்கள் என்னை விடவில்லை. சபையின் அடக்கப் பதிவேட்டில் ஒவ்வொரு கல்லறைக்கும் வரிசை எண் உண்டு. தாத்தா அந்த எண்களைப் பயன்படுத்தியதே இல்லை. நடுவில் முறிந்த மாதிரி செதுக்கிய தூண் அவருக்கு ‘ஒடிஞ்ச தூணு’. இளமையிலேயே முடிந்த வாழ்வுக்கு விக்டோரியா காலத்தில் வைத்த அடையாளம் அது. இரண்டு கைகள் பற்றிக்கொண்டிருப்பது போல் செதுக்கியது ‘கைகுடுக்கிறவங்க’. கணவன் மனைவி விடைபெறுவதை அப்படிக் காட்டுவார்கள். ஒரு கையில் சுருக்கு வைத்த பெண் சட்டை, இன்னொன்றில் பட்டன் வைத்த ஆண் சட்டை. நங்கூரம் செதுக்கிய கல் ‘கப்பக்காரர்’. எபிரெயர் நிருபத்தில் நம்பிக்கையை ஆத்தும நங்கூரம் என்று சொல்லியிருப்பதால் கிறிஸ்தவக் கல்லறைகளில் நங்கூரம் நிறையவே இருக்கும். அந்தக் கல்லுக்கு அடியில் இருப்பவர் கப்பலில் வேலை பார்த்தவர் இல்லை, தேயிலைத் துரை. இதைத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கப்பல்லதான வந்திருப்பாரு” என்றார். அப்புறம், “நானும் கப்பல்ல வந்தவன்தான” என்றார்.

அவருக்குக் கண்ணில் புரை, முழங்காலிலும் வலி. வேலையை விட்டாயிற்று. அந்தப் பெயர்களெல்லாம் அவரோடும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும்தான் இருந்தன. அவருக்குச் சால்வை போர்த்திப் பாராட்டலாம் என்று சபையில் பேச்சு வந்தது. எனக்கு அது போதவில்லை. அவர் நடந்த பாதையில் பத்துப் பேர் நடக்க வேண்டும், அவர் வைத்த பெயரைப் பத்து வாய் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

விளையாட்டு

ஜியோகேச்சிங் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்துக்காக வந்தது. பொதுமக்களுக்குக் கிடைக்கும் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். 2000 மே 2 அன்று அந்தக் கலப்பை நிறுத்தினார்கள். மறுநாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருட்களையும் ஒரு நோட்டையும் போட்டுக் காட்டோரம் வைத்துவிட்டு அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். ஆட்கள் தேடிக் கண்டுபிடித்து நோட்டில் எழுதினார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிறது. இடத்துக்குச் சொந்தக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும், மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, சாப்பிடும் பொருள் வைக்கக் கூடாது என்பவை அதன் அடிப்படை விதிகள். கரடி வரும் எங்கள் ஊரில் கடைசி விதியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அனுமதிதான் முதல் மேடு. “கல்லறையில விளையாட்டா?” என்று கமிட்டியில் மூத்தவர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. நான் பதில் சொல்லாமல் பாட்டிலை மேஜையில் வைத்தேன். பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். கேள்வி கேட்ட அந்த மூத்தவர் ஒரு எழுத்தை எடுத்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். சபைப் போதகரான ஐயரும், ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளையும் கூட இருந்தார்கள். ஒரு முறை சோதனையாக நடத்திப் பார்க்கலாம், அதன் பிறகு முடிவு என்று சொன்னார்கள்.

முதல் சோதனை, இரண்டு தவறுகள்

முதல் வடிவத்தை நான் அவசரமாகப் போட்டேன். ஆறு கல்லறைகள். அவற்றில் உள்ள பிறந்த வருடம், இறந்த வருடங்களைக் கூட்டிக் கழித்தால் அடுத்த இடத்தின் எண் கிடைக்கும். இணையத்தில் பல இடங்களில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று பார்த்து நானும் செய்தேன். ஆறில் ஒன்று ஆட்டுக்குட்டி செதுக்கிய சின்னக் கல். குழந்தையின் கல்லறை. பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பேரை இரண்டு அணியாகப் பிரித்து, யார் முதலில் என்று நேரமும் குறித்தேன்.

பிள்ளைகள் பிள்ளைகள்தானே. ஆட்டுக்குட்டிக் கல்லின் முன் நின்று, “நாலு! வயசு நாலு! எழுதிக்கோ!” என்று கத்தினார்கள். சுவரை ஒட்டிய புதுப் பகுதியில் ஒரு அம்மா மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் குழந்தை அங்கே இருப்பது எனக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் எழுந்து வந்து கோபமே இல்லாமல், “இங்க என்ன போட்டி டீச்சர்?” என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன், அவர் தலையசைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாவது தவறு கருவி சம்பந்தப்பட்டது. நன்றாகத் திறந்த வானத்தின் கீழே போனின் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் வரை சரியாகச் சொல்லும். எங்கள் தோட்டம் சரிவில் இருக்கிறது, இரண்டு பக்கமும் வயதான சைப்ரஸ் மரங்கள். சிக்னல் மரத்திலும் மேட்டிலும் பட்டுத் திரும்புகிறது. அதே இடத்தில் நின்றாலும் திரையில் புள்ளி பத்துப் பன்னிரண்டு அடி வைப்பதுபோல் நகர்ந்துகொண்டே இருந்தது. கல்லறைகளோ கைநீட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு அணி தவறான வரிசையில் போய், விரிசல் விட்ட ஒரு பலகைக் கல்லைத் தூக்கிப் பார்க்கப் போய்விட்டது. டப்பா அதற்கு அடியில் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். தாத்தாவின் பேத்தி ஓடிப்போய்த் தடுத்தாள். ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் கல் இரண்டாகியிருக்கும்.

சோதனையை அங்கேயே நிறுத்தினோம்.

மாற்றிய வடிவம்

திருத்தும் வேலையில் தாத்தாவின் பங்கு என்னுடையதைவிட அதிகம். நான் போனைக் காட்டி, இது வரிசைவரைக்கும்தான் கொண்டுபோய் விடுகிறது, கல்லைக் காட்ட மாட்டேன் என்கிறது என்று புலம்பினேன். அவர் சொன்னார்: “வரிசை வரைக்கும் வந்துட்டா போதுமே. அங்கிருந்து நான் சொல்றேன்.”

இந்த ஒரு பேச்சில் எல்லாமே சரியாகிவிட்டது. செயற்கைக்கோள் வரிசையின் தொடக்கத்துக்குக் கொண்டுவரும். அங்கிருந்து தாத்தாவின் வார்த்தை. தாளில் அவர் சொன்னபடியே எழுதினோம்: “தண்ணித் தொட்டிக்கு முதுகு காட்டி நில்லு. சாஞ்ச மரத்தைத் தாண்டாதே. கப்பக்காரர் உன் சோத்தாங்கைப் பக்கம் இருப்பார்.” அவர் பேசியதை நான் எழுத்துத் தமிழுக்கு மாற்றவில்லை. மாற்றினால் வழி தவறிவிடும் என்று எனக்கு உண்மையாகவே தோன்றியது.

பிறப்பு இறப்பு வருடங்களை அடியோடு எடுத்துவிட்டோம். குழந்தைகளின் கல்லறைகளும் புதுப் பகுதியும் பாதையில் வராது. எண்ண வேண்டியவை எல்லாம் கல்லைத் தொடாமல், பாதையில் நின்றபடி கண்ணால் எண்ணக்கூடியவை: கேட்டின் இடது கதவில் எத்தனை கம்பி, ஒடிஞ்ச தூணின் பீடத்துக்கு எத்தனை படி, கப்பக்காரரின் நங்கூரத்தில் கயிறு எத்தனை சுற்று, கைகுடுக்கிறவங்களில் ஆண் சட்டையில் எத்தனை பட்டன். நான்கு எண்கள் ஆயிற்று. டப்பா இருக்கும் இடத்தின் அட்சரேகையில் கடைசி மூன்று, தீர்க்கரேகையில் கடைசி மூன்று என்று ஆறு இலக்கம் வேண்டும். மிச்சம் இரண்டும் 3, 4. தாத்தா வேலை பார்த்த வருடங்கள். கணக்கு பொருந்துவதற்காகச் சில இடங்களில் கொஞ்சம் கூட்டல் கழித்தல் உண்டு. வகுப்பில் ரேகைகளை நான் எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஒரு கலையின் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் தரையில் சுமார் 1.85 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு குழியின் நீளம் என்பது பிள்ளைகளுக்கு இங்கேதான் புரிந்தது.

டப்பா கல்லறைகளுக்கு நடுவில் இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில், தாத்தாவின் மண்வெட்டியும் கடப்பாரையும் இருக்கும் தகரக் கொட்டகையின் சுவர் மாடத்தில் இருக்கிறது. தாளின் தலையிலேயே பெரிய எழுத்தில் போட்டுவிட்டோம்: ‘எந்தக் கல்லையும் தொட்டுத் தேட வேண்டாம். டப்பா கல்லறைகளுக்கு இடையில் இல்லை.’ அதற்கு மேலே இன்னொரு வரி, அது தாத்தா கேட்டுப் போட்டது: ‘உள்ளே வந்ததும் கேட்டைச் சாத்தவும். போகும்போதும் சாத்தவும்.’ பிளாஸ்டிக் வேண்டாம் என்று எவர்சில்வர் தூக்குவாளி வாங்கினோம். குரங்கு திறக்காமல் இருக்க மேலே கொக்கி. நோட்டோடு பேனா வைக்கவில்லை, பென்சில்தான். இந்த ஈரத்தில் மை ஊறி ஓடிவிடும்.

கடைசியாக ஒரு வேலையும் சேர்த்தோம். தண்ணித் தொட்டியில் ஒரு குவளை மொண்டு, அங்கே தொங்கும் தேங்காய் நாரால், அடையாளம் வைத்திருக்கும் உள்ளூர்க் கருங்கல் பலகைகளில் ஏதாவது ஒன்றைக் கழுவ வேண்டும். கழுவுவதற்குப் பளிங்குப் பக்கம் போகவே கூடாது. கீழே ஈய எழுத்து கிடந்தால் எடுத்துக் காகிதத்தில் மடித்து, எந்தக் கல் என்று தாத்தாவின் பெயரில் எழுதிப் பாட்டிலில் போட வேண்டும். ஹார்லிக்ஸ் பாட்டிலும் இப்போது அதே மாடத்தில்தான் இருக்கிறது.

அணி, நேரம், வெற்றி எதுவும் கிடையாது. ஒரு தடவைக்கு நான்கு பேருக்கு மேல் உள்ளே போகக் கூடாது. அடக்கம் நடக்கும் நாளிலும் திருநாள் வாரத்திலும் தேடல் இல்லை. உலக வரைபடத்தில் இதை ஏற்றவில்லை. சபை அலுவலகத்தில் பெயர் எழுதிவிட்டுத்தான் தாளை வாங்க வேண்டும். இந்த விளையாட்டில் ஊறியவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். யாரும் எப்போது வேண்டுமானாலும் தேடலாம் என்பதுதான் அதன் அழகு என்பார்கள். ஆனால் துக்கத்தோடு வருபவர்களுக்கும் சேர்த்துத்தான் நாங்கள் பொறுப்பு.

தொடங்கிய பிறகு

ஜனவரியில் தொடங்கினோம். உறைபனி விலகி வெயில் ஏறும் நேரம், வானம் துடைத்த மாதிரி இருந்தது. தாத்தாவைக் கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். முதலில் போனது யார் என்று சொல்ல வேண்டும்: புதுப் பகுதியில் மெழுகுவர்த்தி ஏற்றிய அந்த அம்மா. முன்பே நான் அவர் வீட்டுக்குப் போய்த் தாளைக் காட்டி, இதில் ஏதாவது உறுத்துகிறதா என்று கேட்டிருந்தேன். ஒரு இடத்தில் மாற்றச் சொன்னார், மாற்றினோம். அன்றைக்குத் தனியாகவே போனார். முக்கால் மணி நேரம் கழித்து வந்து தாத்தாவிடம், “அண்ணே, கப்பக்காரரைப் பாத்துட்டு வந்தேன்” என்றார். தாத்தா சிரித்தார். அவர் வைத்த பெயரை இன்னொருவர் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் முறை என்று பேத்தி பிறகு சொன்னாள்.

குறை இல்லாமல் இல்லை. சோத்தாங்கைப் பக்கம் என்றால் வலப்பக்கம் என்று புரியாமல் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் அரை மணி நேரம் சுற்றியிருக்கிறார்கள். தாளின் ஓரத்தில் அம்புக்குறி போட்டோம். ஜூன் மழையில் கொட்டகைத் தகரம் ஒழுகி நோட்டின் பத்துப் பக்கம் நனைந்துவிட்டது. எழுதியிருந்தது பென்சில் என்பதால் காயவைத்துப் படிக்க முடிந்தது. பாட்டிலில் சேர்ந்த எழுத்துகளைத் திரும்பக் கல்லில் பதிக்க இந்த வேலை தெரிந்த கைக்காரர் வேண்டும், தெரியாதவர் கையில் கொடுத்துக் கல்லைக் கெடுக்க மாட்டோம். அதுவரை பொட்டலங்கள் அப்படியே இருக்கும்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நோட்டைத் தாத்தா வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துக் காட்டுகிறேன். போன முறை ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது: “கப்பக்காரர் கல்லுக்குக் கீழே ஒரு ‘ஆர்’ கிடந்தது. மடித்துப் பெயர் எழுதிப் பாட்டிலில் போட்டுவிட்டோம்.” தாத்தா கையை நீட்டினார். பொட்டலத்தைக் கொண்டுபோயிருந்தேன். எழுத்தை விரல் நுனியில் உருட்டி, முதுகில் இருந்த முளைகளைத் தடவிப் பார்த்தார்.

“ரெண்டாவது வரி, கடைசி” என்றார். மறுநாள் போய்ப் பார்த்தேன், இரண்டாவது வரியின் கடைசியில்தான் புதுத் துளைகள் இருந்தன.

பொட்டலத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்: “போகும்போது கேட்டைச் சாத்தினாங்களா?”

நோட்டில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. பேத்தி அலமாரியில் இருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு, “நான் பாத்துட்டு வந்துடறேன் தாத்தா” என்று செருப்பை மாட்டினாள்.